நாற்காலிக் கதைக்கு வந்த கடிதங்கள்

அத்தியாயம் 11

செவ்வாய்க்கிழமை மத்தியானம் லோஷினி இரண்டு பைகளோடு குளுவாங் வீட்டில் வந்து இறங்கியதும், "லீவு போட்டிருக்கேன்" என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து எதுவும் பெயராததும் போன அத்தியாயத்துக் கதை. புதன் முழுக்க மாடியறையில் படுத்தே கிடந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் "பசிக்கல" என்றாள்.

அவள் அம்மா யோகேஸ்வரி, டாக்டர். ஊரார் நாடியைப் பிடித்துப் பார்த்தே முப்பது வருஷத்தை ஓட்டியவள். பெற்ற மகளின் அறைக் கதவை மட்டும் ஒரே ஒரு தரம் தட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

"தீபனோட சண்டையா இருக்கும்ங்க," என்று கணவர் சுகுமாறனிடம் சொன்னாள். தீபன், லோஷினியைக் கட்டிக்கொள்ளப் போகிறவன், சிங்கப்பூரில் வேலை. "தானா சரியாயிடும். நாம நடுவுல போகக் கூடாது."

சுகுமாறன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் நடக்கிற காரியத்தில் அவருக்கு உடன்பாடு இல்லை என்று அர்த்தம். யோகேஸ்வரி கவனிக்காத மாதிரி இருந்துவிட்டாள்.

வியாழக்கிழமை விடிந்தது. வியாழன் என்றால் யோகேஸ்வரிக்குப் பத்திரிகையில் பத்தி எழுதும் நாள். அன்றைக்கு வீடே தீப்பற்றி எரிந்தாலும் எழுதி அனுப்பிவிட்டுத்தான் வாளியைத் தூக்குவாள்.

ஞாயிறுதோறும் வரும் வார இதழில் அவளுக்கு ஒரு முழுப் பக்கம். மூலையில் ஸ்டெதஸ்கோப்போடு சிரிக்கும் அவள் படம். சர்க்கரை வியாதி, முழங்கால் வலி, நடுநடுவே கொஞ்சம் சொந்தக் கதை. எதைச் சொன்னாலும் கடைசி வரியில் சிரிக்க வைத்து அனுப்புவாள். சந்தையில் மீன் வாங்கப் போனால்கூட யாராவது மறித்து, "டாக்டரம்மா, போன வாரம் சூப்பர் லா," என்பார்கள். அதைக் கேட்பதற்காகவே சில சமயம் மீன் வாங்கப் போவாள்.

மூன்று வாரத்துக்கு முன் எழுதியதுதான் நாற்காலிக் கதை.

கர்நாடகத்தில் அவள் மருத்துவம் படித்த கல்லூரியில் மலேசியப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு மெஸ் இருந்தது. புதிதாக வந்து சேர்கிறவர்கள் முதல் வாரம் அங்கே ஒரு மர நாற்காலியின் மேல் ஏறி நின்று, மணிக்கட்டில் இருக்கும் எட்டு எலும்புகளின் பெயரையும் தாலாட்டு மெட்டில் பாட வேண்டும். பாடி முடித்தாலும் இறங்க முடியாது. சீனியர்கள் கூடிப் பேசி ஒரு பட்டப்பெயர் வைத்து, "இறங்கு" என்றால்தான் இறங்கலாம். அந்தப் பெயர் சாகும்வரைக்கும் ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கும் அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதும்போது அந்தப் பெயரில்தான் எழுதுவார்கள். ஜொகூர் ரப்பர் தோட்டத்திலிருந்து போன யோகேஸ்வரிக்கு விழுந்த பெயர் 'ரப்பர்'.

பாடும்போது ஆறாவது எலும்பை மறந்து, வாய்க்கு வந்த கத்தரிக்காயைச் சேர்த்துப் பாடிவிட்டதையும் பத்தியில் எழுதியிருந்தாள். "எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே இறங்கினேன். அந்த நாற்காலிதான் என்னை டாக்டராக்கியது" என்று முடித்திருந்தாள்.

கடிதங்கள் குவிந்துவிட்டன. அத்தனையும் கூடப் படித்தவர்கள் எழுதியவை. அவற்றில் சிலவற்றை இந்த ஞாயிறு பகிர்ந்துகொள்வதாக வாசகர்களுக்கு வாக்கும் கொடுத்தாயிற்று. பால் சேர்க்காத கோப்பி ஓவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் கடிதங்களைப் பரப்பினாள்.

ஈப்போவிலிருந்து 'பல்லி' எழுதியிருந்தார்: "ரப்பர், நீ பாடியது கத்தரிக்காய் இல்லை, முருங்கைக்காய். நான் முன்வரிசையில் இருந்தேன். என் பேரப்பிள்ளைகளுக்குக்கூட இந்தக் கதை மனப்பாடம்."

மெல்பர்னிலிருந்து 'தூண்': "இப்போதுள்ள பிள்ளைகளிடம் கொஞ்சம் சத்தமாகப் பேசினாலே மனநல ஆலோசகரைத் தேடி ஓடுகிறார்கள். நமக்கு வாய்த்தது நாற்காலி. அதனால்தான் நமக்கு முதுகெலும்பு இருக்கிறது."

மெர்சிங்கில் கிளினிக் வைத்திருக்கும் 'அரை டிக்கெட்': "பெண்பிள்ளைகளில் அழாமல் இறங்கியவள் நீ ஒருத்திதான். நாங்களெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டே இறங்கினோம். எனக்கு உன்மேல் பொறாமையாக இருந்தது."

இதைப் படித்தபோது யோகேஸ்வரி கோப்பியைக் கையில் எடுத்து, குடிக்காமல் திரும்ப வைத்தாள். பிறகு அடுத்த கடிதத்துக்குப் போய்விட்டாள்.

அடுத்தது 'ஜட்ஜ்' எழுதியது. "ரப்பர், உன் பத்தியை வெட்டி எங்கள் டிபார்ட்மெண்ட் பலகையில் ஒட்டியிருக்கிறேன். தமிழ் தெரியாதவர்களுக்கு நானே மொழிபெயர்த்தும் சொன்னேன். நம்மை ஆளாக்கிய நாற்காலி அடுத்த தலைமுறைக்கும் கிடைக்க வேண்டும். என்னால் ஆனதைச் செய்துவருகிறேன்."

ஜட்ஜ் என்பது டத்தோ பட்டம் வாங்கிய டாக்டர் ரூபேந்திரன். அன்றைக்கு மெஸ்ஸில் "இறங்கு" என்று சொல்லும் உரிமை அவரிடம் இருந்தது. இன்றைக்கு ஜொகூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் துறைத் தலைவர். பயிற்சி டாக்டராக இருக்கும் லோஷினிக்கு அவருடைய துறைக்கே மாற்றம் வந்தபோது யோகேஸ்வரி கோயிலில் தேங்காய் உடைத்தாள். "நம்ம சீனியர்தான், பாத்துக்குவாரு," என்று சொல்லி, அவருக்கே போன் போட்டு, "என் பொண்ணு சார், உங்க கையில ஒப்படைக்கிறேன்," என்றும் சொல்லியிருந்தாள்.

டத்தோவின் கடிதம் என்றால் பக்கத்துக்கு ஒரு கனம். அதை முதலில் வைத்து, கடிதத்தின் கீழேயே பேனாவால் தன் பதிலை எழுதிப் பார்த்து, அதையும் பக்கத்தில் சேர்த்தாள்: "சார், உங்கள் நாற்காலிக்கு நன்றி. அது இன்னும் பலரை டாக்டராக்கட்டும்!"

"அவகிட்ட கேட்டியா?" என்றார் சுகுமாறன், சமையலறையிலிருந்து.

"மத்தியானம் கேக்குறேன். இத அனுப்பிட்டு கிளினிக் ஓடணும்."

"நாளைக்கு சாயந்திரம் வரைக்கும் டைம் இருக்குன்னு சொல்லுவியே?"

"நான் என்னைக்குங்க கடைசி நிமிஷத்துல அனுப்பியிருக்கேன்?" என்று பெருமையாகவே சொல்லிவிட்டு அனுப்பும் பொத்தானைத் தட்டினாள்.

*

மத்தியானம் மகளுக்குப் பிடித்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றைக் கடையில் பொட்டலம் கட்டித் தாப்பாவ் பண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். லோஷினி மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தாள். தலை வாராமல், அம்மா விட்டுப்போன கடிதங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியா? சாப்பிடு வா."

"ஜட்ஜுன்னா யாரும்மா?"

"உன் பொஸ்தான் டி. ரூபேந்திரன் சார்."

"தெரியும். உங்க வாயால கேக்கணும்னு கேட்டேன்."

அந்தக் குரலைக் கேட்டு, தட்டுகளை எடுத்துக்கொண்டு வந்த சுகுமாறன் அப்படியே நின்றுவிட்டார்.

"திங்கக்கிழமை ஒரு பேஷண்டோட பிளட் ரிசல்ட்ட பாக்க மறந்துட்டேன் மா," என்றாள் லோஷினி. "என் தப்புதான், இல்லேங்கல. பேஷண்டுக்கு ஒண்ணும் ஆகல. ரவுண்ட்ஸ்ல அவரு கண்டுபிடிச்சிட்டாரு. நர்ஸ் கவுண்டர் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கெடந்துச்சு. அத இழுத்து வார்டு நடுவுல போட்டு, ஏறுன்னாரு."

யோகேஸ்வரிக்குக் கையிலிருந்த பொட்டலம் கனத்தது. மேசைமேல் வைத்தாள்.

"'உன் அம்மா எட்டு எலும்பப் பாடுனாங்க, நீ உன் தப்பப் பாடு'ன்னாரு. பாடுனேன். கூட வேல செய்ற டாக்டருங்க, நர்ஸுங்க, தரை கூட்டுறவங்க, பேஷண்ட், எல்லாரும் பாக்குறாங்க. ஒரு வயசான மலாய்க்கார மக்சிக் மட்டும் கட்டில்லேருந்து 'கெசியான், பாவம்'னு பரிதாபப்பட்டாங்க. பாடி முடிச்சும் எறங்க விடல. 'உன் அம்மா சிரிச்சாங்க. நீயும் சிரிச்சாதான் எறங்கலாம்'னாரு."

"நீ என்னம்மா பண்ண?" என்று கேட்டது சுகுமாறன்.

"சிரிச்சேன் பா."

இரண்டு நாளாக அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டுதான் மகள் மாடியில் கிடந்தாள் என்பது யோகேஸ்வரிக்கு இப்போது புரிந்தது. தீபனாம், சண்டையாம். தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக வந்தது.

"செவ்வாய்க்கிழமை காலையில புகார் குடுத்துட்டுதான் பஸ் ஏறுனேன்," என்றாள் லோஷினி. "வர்ற திங்க விசாரணை. அவரையும் கூப்பிட்டிருக்காங்க. 'எங்க காலேஜ் வழக்கம், பிரியத்துல செஞ்சேன், அவ அம்மாவே பெருமையா எழுதியிருக்காங்க'ன்னு சொல்லுவாரு. சொல்லட்டும், பழைய கதைன்னு நான் சொல்லிக்கலாம்னு இருந்தேன். இப்ப இதுல," என்று கடிதத்தை விரலால் தட்டினாள், "நீங்க நன்றி சொல்றீங்க மா. ஞாயித்துக்கிழமை வருது. திங்கக்கிழமை எனக்கு விசாரணை. அங்க நான் என்ன பேசுறது?"

"இரு, நான் சார்கிட்ட பேசுறேன்."

"அவருகிட்ட பேசாதீங்க மா!"

அதற்குள் அவள் எண்ணைத் தட்டி, அந்தப் பக்கம் மணியும் அடித்துவிட்டது. யோகேஸ்வரி உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றாள். அவர் போனில் வந்தால்கூட எழுந்து நின்றுதான் பேசுவாள். ஜூனியராக இருந்த காலத்திலிருந்து விடாத பழக்கம்.

"ரப்பர்!" என்றது குரல், ஊர் கேட்கிற மாதிரி. "ஞாயித்துக்கிழமை என் லெட்டர் வருதா?"

"சார், லோஷினி..."

"ஓ, சின்ன ரப்பரா? கோவிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டாளா? சொல்லி வை லா. நம்ம புள்ளைன்னு உரிமையோட செஞ்சேன். வேற ஆளா இருந்தா எழுத்துல வார்னிங் போயிருக்கும், காலத்துக்கும் அவ ஃபைல்ல நிக்கும். எது மேல்?"

"வார்டுல அத்தன பேரு முன்னால சார்..."

"நீ மட்டும் தனியாவா நின்ன? மெஸ்ஸே பாத்துச்சு. சிரிச்சுக்கிட்டேதானே எறங்குன?"

"நான் சிரிக்கல சார்."

"அப்புறம் ஏன் அப்படி எழுதுன?"

யோகேஸ்வரி மேசையில் கிடந்த அவர் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஒவ்வொரு ரீயூனியன்லயும் மைக்கப் புடிச்சு அந்தக் கதையச் சொல்றது நீதான். நாங்க யாரும் உன்னச் சொல்லச் சொல்லல. திங்கக்கிழமை உன் பக்கத்தத்தான் விசாரிக்கிறவங்க மேசைமேல வைக்கப் போறேன். புகார வாபஸ் வாங்கச் சொல்லு ரப்பர். காண்ட்ராக்ட்ல இருக்குற புள்ள, அவளுக்குத்தான் நல்லது. என்ன?"

"சரி சார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவள் காதில் விழுந்தது. போனை வைத்தாள். லோஷினி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"'சரி சார்'ங்கிறீங்க."

"பழக்கத்துல வந்துடுச்சும்மா."

"சிரிக்கலன்னும் சொன்னீங்க. சிரிக்கலன்னா, என்னதான் நடந்துச்சு அன்னைக்கு?"

யோகேஸ்வரி கணவரைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் இந்தக் கதையை முதன்முதலாகக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர். எத்தனையோ விருந்தாளிகளிடம், "யோகேஸ், அந்தக் கத்தரிக்காயச் சொல்லு," என்று எடுத்துக்கொடுத்தவர்.

"முதல் வருஷம் நாங்க வெள்ளதான் போடணும்," என்றாள், மேசையைப் பார்த்து. "பாட ஆரம்பிக்கும்போதே எனக்குத் தெரிஞ்சிருச்சு, பீரியட் வந்துடுச்சுன்னு. எறங்கட்டுமா சார்னு கேட்டேன். ஜட்ஜ் பின்னால வந்து பாத்தாரு. பாத்துட்டுதான், 'இன்னும் பேரு வைக்கலையே'ன்னாரு. முன்னால உக்காந்திருந்தவங்களுக்குத் தெரியாது. பின்னால இருந்தவங்க சிரிச்சது கத்தரிக்காய்க்காக இல்ல."

"நீங்க?"

"ரெண்டு கையையும் பின்னால வச்சு மறைச்சுக்கிட்டு, திரும்பத் திரும்பப் பாடுனேன். அவரு எறங்குன்னு சொல்ற வரைக்கும் பாடுனேன். அழக்கூட எனக்குத் தோணல."

முதல் ரீயூனியனில் யாரோ ஒருவர், "ரப்பர், நாற்காலி ஞாபகம் இருக்கா?" என்று தொடங்கினார். எங்கே கொண்டுபோய் முடிப்பார்களோ என்ற பயத்தில் மைக்கைப் பிடுங்கி அவளே முந்திக்கொண்டு சொன்னாள். எலும்பில் ஆரம்பித்துக் கத்தரிக்காயில் முடித்தாள். கைதட்டினார்கள். அன்றிலிருந்து அது அவளுடைய கதையாகிவிட்டது. மற்றவர்கள் சொல்லிவிடாமல் இருக்க, வாய்ப்புக் கிடைத்த இடமெல்லாம் தானே சொன்னாள். சொல்லிச் சொல்லி, பத்தியிலும் எழுதினாள்.

"என்கிட்டகூடச் சொல்லலையே யோகேஸ்," என்றார் சுகுமாறன்.

"நீங்க சிரிக்கணும்னுதான் அப்படிச் சொன்னேன்."

அவர் தட்டுகளை மேசையில் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்தார்.

யோகேஸ்வரி திரும்பப் போனை எடுத்தாள். இந்த முறை இதழின் துணையாசிரியர் வசந்தனுக்கு.

"தம்பி, காலையில அனுப்புனத நிறுத்திடுங்க. வேற எழுதித் தர்றேன்."

"அலமாக், டாக்டர்!" என்றான் வசந்தன். "நாளைக்குப் பொது விடுமுறை இல்லையா, பிரஸ்ஸுல இன்னைக்கே கேட்டுட்டாங்க. மத்தவங்க பக்கமெல்லாம் இன்னும் என் கையிலதான் கெடக்கு. உங்க பக்கம்தான் எப்பவும் மொதல்ல வந்துடுமே, அதத்தான் மொதல்ல அனுப்புனோம். ஓடி முடிஞ்சிருச்சு."

"ஒண்ணும் பண்ண முடியாதா?"

"அச்சானது அச்சானதுதான் டாக்டர். ஏன், நல்லாத்தானே வந்திருக்கு? டத்தோ லெட்டரப் பெரிய எழுத்துல போட்டு, பக்கத்துலயே உங்க படம். ஏதாச்சும் தப்பிருந்தா அடுத்த வாரம் திருத்தம் போட்டுக்கலாம்."

காலையில் கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். மாடிப்படி ஏறுகிற நேரம்தான் ஆகியிருக்கும். பத்தியை முந்தி அனுப்புகிற பெருமைதான் கெடுத்தது.

"போயிருச்சா?" என்று லோஷினி கேட்டாள்.

தலையாட்டினாள். பிறகு அவசரமாக, "அடுத்த ஞாயிறு எல்லாத்தையும் எழுதிடறேன் டி. ஜட்ஜு யாருன்னு, அன்னைக்கு என்ன பண்ணாருன்னு, உனக்கு என்ன பண்ணாருன்னு, பேரு போட்டே எழுதுறேன்," என்றாள்.

"திங்கக்கிழமை எல்லாம் முடிஞ்சப்புறமா?"

"நான் வேற என்னம்மா செய்ய முடியும்? எனக்குத் தெரிஞ்சது எழுதுறதுதான்."

"எழுதாதீங்க மா." லோஷினி குரலை உயர்த்தவில்லை. "என்னப் பத்தியும் வேணாம், உங்களப் பத்தியும் வேணாம். எழுதுனா கடைசியில ஒரு வரியப் போட்டு மறுபடியும் எல்லாரையும் சிரிக்க வச்சுடுவீங்க. நீங்க திங்கக்கிழமை என்கூட அந்த ரூமுக்கு வாங்க. ஆஸ்பத்திரி டைரக்டர் முன்னால, அவரு முன்னால, இப்ப எங்ககிட்ட சொன்னத அப்படியே சொல்லுங்க. கறையோட சேத்துச் சொல்லுங்க. அவங்க கையில உங்க பக்கம் இருக்கும். நீங்க வாயத் தொறந்து அது பொய்னு சொன்னாதான் நான் சொல்றத நம்புவாங்க."

யோகேஸ்வரி வாயைத் திறந்தாள். அந்த அறை கண்ணுக்குள் வந்தது. முன்பின் தெரியாத முகங்கள், நீளமான மேசை, மேசைக்கு அந்தப் பக்கம் ரூபேந்திரன். நாற்பது வருஷமாக ஒருத்தருக்கும் காட்டாத துணியை அங்கே விரித்துக் காட்ட வேண்டும். நாக்கில் வந்து நின்றது "சார்" என்கிற ஒரு சொல்தான். அதை விழுங்கினாள்.

வாரா வாரம் ஒரு முழுப் பக்கம் எழுதுகிறவளுக்கு, மகளிடம் "வர்றேன்" என்று சொல்ல முடியவில்லை.

லோஷினி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு மேசையில் கிடந்த கடிதங்களை ஒழுங்காக அடுக்கி, ஜட்ஜுடையது மேலே இருக்கும்படி வைத்து, அம்மாவின் பக்கம் தள்ளிவிட்டு மாடியேறினாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

நாசி லெமாக் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. யோகேஸ்வரி மெல்லத் தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தாள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த சுகுமாறன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.